எச்சம்

என் மேஜைமேல் ஒரு கூழாங்கல் இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க வைத்தது. கோழிமுட்டையில் பாதி இருக்கும். சாம்பல் கலந்த நீலம். ஒரு பக்கம் லேசாகத் தட்டை. 1994-இல் கள்ளக்குறிச்சியில் நான் வீடு கட்டியபோது, கோமுகி ஆற்றிலிருந்து வந்த மணலைச் சலித்ததில் சல்லடைமேல் தங்கிய கற்களில் ஒன்று. அதை எடுத்து வைத்ததற்குக் காரணம் எதுவும் கிடையாது. கையில் எடுத்தால் கீழே போட மனம் வராத ஒரு வழவழப்பு, அவ்வளவுதான்.

2012 செப்டம்பர் கடைசியில் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. அதற்கு முந்தைய மாதம் செவ்வாய்க் கிரகத்தில் கேல் என்னும் பெரும்பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி அனுப்பிய படம். உடைந்து சாய்ந்த தளம் போல ஒரு பாறைப் பலகை. அதில் பதிந்தும், அதிலிருந்து உதிர்ந்தும், உருண்டைக் கற்கள். படத்தைப் பார்த்துவிட்டு மேஜைமேல் இருந்த கல்லைப் பார்த்தேன். இதை அங்கே போட்டால் அடையாளம் தெரியாது என்று தோன்றியது. அன்று தொடங்கிய ஒரு தொந்தரவு இன்னும் தீரவில்லை. அதை முடிந்தவரை தெளிவாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஞ்ஞானிகள் தந்த விளக்கம் எளிமையானது. அந்தக் கற்கள் 2 மில்லிமீட்டரிலிருந்து 40 மில்லிமீட்டர் வரை அளவுள்ளவை. காற்று மணலை வாரி இறைக்கும். பெரிய கற்களை நெடுந்தூரம் உருட்டிக்கொண்டு போய் ஒன்றோடொன்று உரசவைத்து முனை மழுக்காது. அதைச் செய்ய ஓடுகிற நீர் வேண்டும். கணுக்காலிலிருந்து இடுப்பு வரைக்கும் ஆழம், மனிதன் நடக்கிற வேகத்தில் ஓட்டம். காலம், 350 கோடி வருஷத்துக்கும் முன்பு. இன்று அங்கே நீர் ஓடாது. ஓட முடியாத அளவுக்குக் காற்றழுத்தம் குறைந்துவிட்டது. ஓடியதைப் பார்த்தவர் எவரும் இல்லை. ஆனாலும் ஓடியது என்பதில் சந்தேகமில்லை என்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். யாரும் காணாத ஒன்றில் இந்த நிச்சயம் எப்படி வருகிறது?

மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அனுமானத்தை அங்கே மூன்றாகப் பிரித்திருக்கிறது. கருத்த மேகத்தைக் கண்டு மழை வரப்போகிறது என்று சொல்வது ஒரு வகை. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று சொல்வது இன்னொரு வகை. காரியத்திலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிப் போகும் இந்த வகைக்குச் சாத்தனார் தரும் பெயர் எச்சம். நியாய நூல்கள் சேஷவத் என்பது இதைத்தான். கேல் பள்ளத்துக் கற்களை வைத்துச் செய்த அனுமானமும் இந்த வகைதான். எல்லாம் நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று மார்தட்ட இதை எடுத்துக்காட்டவில்லை. அந்த வியாதி எனக்கு இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சொல். எச்சம் என்றால் மிஞ்சியது. பறவை கழித்துவிட்டுப் போனது. ஒருவர் விட்டுச்செல்லும் பிள்ளைகள். வள்ளுவர் ஒருவரின் தகுதியை அறியப் பார்க்கச் சொன்னதும் எச்சத்தைத்தான். பரிமேலழகர் அங்கே அதற்கு மக்கள் என்று பொருள் கொண்டார். தர்க்கத்தின் ஒரு முறைக்கும், கழிவுக்கும், வாரிசுக்கும், மதிப்பிடுவதற்கான அளவுகோலுக்கும் ஒரே சொல். இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சொல்லைச் சுற்றித்தான் போகும்.

அனுமானம் ஆசைக்கு அடிமைப்படுவதும் உண்டு. 1877-இல் இத்தாலியர் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கியில் செவ்வாயின்மேல் கோடுகளைக் கண்டார். அமெரிக்காவில் லோவல் அவற்றை வாய்க்கால்கள் என்றே தீர்மானித்தார். வறண்டுபோகும் ஒரு உலகத்தின் பிராணிகள், துருவப் பனியை வயலுக்குக் கொண்டுவர வெட்டிய வாய்க்கால்கள். எவ்வளவு மனிதத்தனமான கற்பனை! அவர் பொய் சொல்லவில்லை. புள்ளிகளையும் நிழல்களையும் கண் தானாகவே கோடாக இணைத்துக்கொண்டது. மனம் அதற்கு உடந்தையாக இருந்தது. 1971 நவம்பரில் மாரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது கிரகம் முழுவதும் புழுதிப்புயல். புழுதி அடங்கியதும் பார்த்தால் வாய்க்கால் ஒன்றுகூட இல்லை. ஆனால் யாரும் கேட்காத இடத்தில், லோவலின் கோடுகளோடு சம்பந்தமே இல்லாமல், வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகள் கிடந்தன. அங்குள்ள பெரிய பள்ளத்தாக்குகளுக்கு உலக மொழிகளில் செவ்வாய்க்கு உள்ள பெயர்களையே வைப்பது வழக்கம். ஒன்றுக்கு வடமொழியிலிருந்து மங்கள என்று பெயர்.

எச்சத்துக்கும் கற்பனைக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. லோவலின் கோடு அவர் பார்க்கும்வரைதான் இருந்தது. கூழாங்கல்லின் உருண்டை நான் பார்க்காதபோதும் உருண்டைதான். நம் விருப்பத்துக்கு வளைந்துகொடுக்காமல் இருப்பதால்தான் அது சாட்சியாகிறது.

ஆனால் கல் பேசுகிறது என்று யாராவது கவிதை எழுதினால் எனக்குச் சங்கடமாக இருக்கும். கல் பேசாது. ஆற்றில் கல் உருண்டு மழுங்குவதைப் பூமியில் பார்த்திருக்கிறோம். மலையடிவாரத்தில் கூர்முனையோடு கிடக்கும் கல், பத்து மைல் கீழே போனால் முனை மழுங்கியிருப்பதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் செவ்வாயின் கல் வெறும் கல்தான். அங்கே செத்துப்போன ஆற்றைப் படிக்க உதவும் அகராதி இங்கே ஓடும் ஆறுகளிடம் இருக்கிறது. கேல் பள்ளத்தைப் படித்தவர்கள் கோமுகியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கோமுகி போன்ற ஏதோ ஓர் ஆற்றில் கால் நனைத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கோமுகி கல்வராயன் மலையில் பிறக்கிறது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் 1960களில் கட்டிய அணையில் தங்கி, பிறகு கள்ளக்குறிச்சிப் பக்கம் வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலம் போக மற்ற மாதங்களில் ஆறு என்று சொல்ல நம்பிக்கை வேண்டும். அந்த மலையின் கருங்கல்லைப் புவியியலார் சார்னோகைட் என்பார்கள். ஏறத்தாழ 250 கோடி வருஷப் பழமை உடையது. கணக்குப் பார்த்தால் ஒன்று தெரியும். கேல் பள்ளத்துக் கற்கள் உருண்டு, படிந்து, இறுகிப் பாறையான காலத்தில், என் மேஜைமேல் இருக்கும் கல்லைப் பெற்ற மலையின் பாறை உருவாகவே இல்லை. நம் மலைகளை ஆதிமலை, கல் தோன்றிய காலத்து மலை என்றெல்லாம் பாடிப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் அடக்கம் கற்றுத் தரும்.

பழைய ஆற்றுப் படிவம் பார்க்கச் செவ்வாய்க்குப் போக வேண்டியதும் இல்லை. முன்பு தென்னார்க்காட்டில் இருந்த, இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி வருஷம் என்கிறார்கள். 1781-இல் பிரெஞ்சுக்காரர் சொன்னரா அவற்றைப் பற்றி எழுதினார். அங்கே போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அடிமரங்கள் மட்டும்தான் இருக்கின்றன. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. அந்த மரங்கள் அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் வேறெங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று அதிலிருந்துதான் சொல்கிறார்கள். வழியில் முறிந்துபோனவை முறிந்துபோயின. இல்லாத கிளைதான் அங்கே ஆற்றுக்கு அத்தாட்சி. இருப்பது மட்டும் சாட்சியாகும் என்பதில்லை. எது இல்லை என்பதும் சாட்சியாகும், ஆனால் மிச்சம் ஏதாவது இருந்தால்தான். மரமே இல்லாவிட்டால் கிளை இல்லாததை யார் கவனிப்பார்கள்?

இந்த இடத்தில் ஒரு பழக்கமான வாதம் வரும். இங்கே ஆறு செத்துக்கொண்டிருக்கிறது, அங்கே செத்த ஆற்றைத் தேடிக் கோடி கோடியாகச் செலவு செய்கிறார்கள் என்று. 2013 நவம்பரில் மங்கள்யான் கிளம்பியபோது டீக்கடையிலும் இலக்கியக் கூட்டத்திலும் இதைக் கேட்டேன். கைதட்டல் வாங்கித் தரும் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த 450 கோடி ரூபாய் மிச்சமாகியிருந்தால் கோமுகியில் தண்ணீர் ஓடியிருக்கும் என்று சொல்கிறவர்களே நம்பமாட்டார்கள். தெரிந்துகொள்ளும் ஆசையைக் குற்றவாளியாக்கிவிட்டால், தெரிந்தும் செய்யாதவர்கள் தப்பித்துவிடுகிறோம். தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது.

செவ்வாயில் நீர் போயிற்று, படுகை இருக்கிறது. இங்கே நீர் எப்போதாவது வருகிறது, படுகை போய்விட்டது. இவை இரண்டும் ஒரே மாதிரி இழப்பு அல்ல. நீர் போனால் ஆறு இறந்தது என்று சொல்ல இடமிருக்கிறது. படுகையும் போனால் ஆறு இருந்தது என்று சொல்லவே இடமில்லாமல் போகிறது. அணை நீரை மட்டும் நிறுத்துவதில்லை, மலையிலிருந்து வரும் மணலையும் நிறுத்துகிறது. கீழே ஏற்கனவே இருந்ததை நாம் வாரிவிட்டோம். வெள்ளம் வந்து நிரப்பும் என்று சொல்லிக்கொண்டே வாரினோம். செவ்வாயின் படுகை 350 கோடி வருஷம் அப்படியே கிடந்ததற்கு யாருடைய பக்தியும் காரணமல்ல. அங்கே அது எவருக்கும் தேவைப்படவில்லை.

யார் வாரினார்கள் என்பது வேறு விவகாரம். 2003-இல் தமிழ்நாட்டில் ஆற்றுமணல் எடுப்பதை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பும் பின்பும் நடந்தவை பற்றி வழக்குகளும் செய்திகளும் ஏராளம். லாரிக்காரனைத் திட்டிக் கட்டுரை எழுதுவது சுலபம். என் வீட்டுக்கு மணல் வந்தது டயர்வண்டியில். வண்டிக்காரர் ஒவ்வொரு நடைக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டார். அந்தக் கோடுகளை எண்ணிப் பணம் கொடுத்தேன். அன்று எனக்கு இருந்த ஒரே கவலை, வண்டி முழுக்க நிரப்பியிருக்கிறாரா என்பது. மணல் எங்கிருந்து வருகிறது, எடுத்த இடம் என்ன ஆகிறது என்ற கேள்வி மனசின் ஓரத்தில்கூட இல்லை. பிறகு சுவரைப் பூசினார்கள், கரிக்கோடும் மறைந்தது. ஆக, ஆறு ஓடியதற்கான அத்தாட்சியில் ஒரு சின்னப் பங்கு என் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. சாட்சியை உள்ளே வைத்துப் பூசியவன் என்ற முறையில்தான் நான் இதைப் பேச முடியும்.

தத்துவத்தில் ஒரு பழைய வாதம் உண்டு. நடந்ததை நடக்காததாக ஆக்க எந்தச் சக்தியாலும் முடியாது. கோமுகி ஓடியது என்றால் ஓடியதுதான். கடைசி மணல் வரை வாரினாலும் அது பொய்யாகாது. சரி. ஆனால் நடந்ததை, யாராலும் தெரிந்துகொள்ள முடியாததாக ஆக்கலாம். அதற்குத் தெய்வசக்தி வேண்டாம், மண்வெட்டி போதும். உண்மை எங்கேயோ பத்திரமாக இருக்கும், ஆனால் ஒருவர் கைக்கும் எட்டாது. அப்படி ஒன்றைச் செய்வது தவறா? தவறென்றால் யாருக்கு இழைத்த தவறு? ஆற்றுக்கா? ஆற்றுக்கு வலிக்காது. வரப்போகும் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்காரனுக்கா? அவன் வராமலே போகலாம். வெகுநாள் இந்தக் கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தேன். யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் ஒழுக்கம் பேசுவது வெறும் உணர்ச்சிவசம் என்றுகூட ஒருசமயம் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவை அசைத்தது அதே கல்வராயன் மலைதான். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பல தலைமுறைகள் ஜாகீர்தார்களின் கீழ் இருந்தார்கள். 1976-இல்தான் அந்த ஆட்சி நீங்கியது. பட்டா, பதிவேடு என்ற காகித உலகம் அவர்களுக்கு அவ்வளவு தாமதமாக வந்தது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஒரு பழங்குடி மனிதர் தாம் உழுகிற காட்டு நிலத்தைத் தம்முடையது என்று கோர வழி செய்தது. ஆனால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். என்னென்ன அத்தாட்சி ஆகும் என்று விதிகள் ஒரு பட்டியல் தருகின்றன. காகிதங்கள் ஒருபுறம் இருக்க, அதில் வீடு வருகிறது, சமன்படுத்திய நிலம் வருகிறது, வரப்பு வருகிறது, கிணறு, இடுகாடு, வழிபடும் இடம் வருகின்றன, கோருபவர் அல்லாத வேறு முதியவரின் வாக்குமூலமும் வருகிறது. படித்தபோது எனக்குத் திருவக்கரை ஞாபகம் வந்தது. இதுவும் எச்சத்தால் அறிவதுதான். கரைந்த வரப்பு, தூர்ந்த கிணறு, பாட்டனைப் புதைத்த இடத்தில் நட்ட கல். இவற்றில் ஒன்றை ஒருவன் தெரியாமலோ தெரிந்தோ புரட்டிப் போட்டுவிட்டால், அங்கே ஒரு குடும்பம் இருந்தது என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அவர்கள் அங்கே இருக்க முடியாது.

அப்போதுதான் புரிந்தது. எச்சத்தை அழிப்பதால் நஷ்டப்படுபவர் யார் என்பது அழிக்கிறவனுக்கு முன்கூட்டித் தெரியாது. தெரியாததாலேயே அது தவறில்லை என்று ஆகிவிடாது. எந்தக் கல் யாருக்குச் சாட்சியாகப் போகிறது என்பது கல்லை எடுக்கிறவன் தீர்மானிக்கும் விஷயமல்ல. எதையும் தொடாதே, எல்லாவற்றையும் காட்சிசாலையாக்கு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல, மணலால் கட்டிய வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வாயில்லை. உபயோகிப்பது வேறு. ஒரு காலத்தில் அது இருந்தது என்பதே தெரியாதபடி உபயோகிப்பது வேறு. முந்தியது தேவை. பிந்தியது, தேவை என்ற பெயரில் நடக்கும் வேறு ஏதோ ஒன்று. எல்லை எங்கே என்று அளந்து சொல்ல என்னால் முடியவில்லை. எல்லை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நான் அதை 1994-இலேயே தாண்டியிருக்கலாம்.

இப்போது எங்கள் தெருவில் கட்டுகிற வீடுகளுக்கு எம்-சாண்ட்தான். ஆற்றுமணல் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்துப் பொடித்து மணலாக்குகிறார்கள். ஆற்றில் வாருவதைவிட இது நல்லது என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மலையை உடைத்து மணலாக்கும் வேலையைத்தான் ஆறும் செய்துகொண்டிருந்தது. அது லட்சக்கணக்கான வருஷத்தில் செய்ததை இயந்திரம் ஒரு நிமிஷத்தில் செய்கிறது. வித்தியாசம் கையில் தெரியும். வயதான கொத்தனார் ஒருவர் ஒருபிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, "பாருங்க சார், குத்துது" என்றார். உண்மைதான். மணிகளுக்கு முனை மழுங்கவில்லை. எங்கும் உருளாத மணல். பின்னொரு காலத்தில் எவரேனும் இந்தத் தெருவின் இடிபாட்டைத் தோண்டி இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இங்கே நீர் ஓடியது என்று சொல்ல மாட்டார். கல்லை உடைத்தவர்கள் இருந்தார்கள் என்று சொல்வார். நம்முடைய எச்சத்தால் நம்மைக் காண்பது அப்படித்தான் இருக்கும்.

போன சித்திரையில் எதிர்வீட்டுச் சிறுமி ஏழாங்கல் ஆட கல் கேட்டு வந்தாள். அவர்கள் வீட்டிலும் கட்டட வேலை நடக்கிறது. முன்பெல்லாம் வீடு கட்டினால் மணல் சலித்த குவியலிலிருந்து பெண்பிள்ளைகள் கல் பொறுக்குவார்கள். என் மகளும் பொறுக்கியிருக்கிறாள். இவர்கள் குவியலில் ஜல்லிதான் இருந்ததாம், கையைக் கீறியதாம். மகளுடைய பழைய டப்பாவைத் தேடி எடுத்ததில் ஆறு கல் இருந்தது. ஏழாவதாக மேஜைக் கல்லைக் கொடுக்கப் பார்த்தேன். பெரிசாக இருக்கிறது, வேண்டாம் என்றாள். அதைக் கையில் உருட்டிக்கொண்டே, "இது எங்க தாத்தா கிடைச்சுது?" என்று கேட்டாள்.

"ஆத்துலம்மா."

"எந்த ஆத்துல?"

பள்ளிக்கூட பஸ்ஸில் தினமும் இரண்டு தடவை அவள் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறாள். சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பாலத்துக்குக் கீழே பள்ளங்கள், சீமைக் கருவேல், நடுவில் கொஞ்சம் சாக்கடை. இங்கேதான் இந்தக் கல் உருண்டு வந்தது, மலையிலிருந்து, தண்ணீரில், என்றேன். அவள் கைப்பிடிச் சுவர்மேல் எட்டிக் கீழே பார்த்தாள். பிறகு கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நம்புவதற்கு அவளிடம் இருந்தவை அந்தக் கல்லும் என் வார்த்தையும் மட்டும்தான்.